விமலாவை உள்ளே விட்ட கதை

வெளியாட்களோடு பேசும் வசதியை மூடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தி அனுப்பவும் வீடியோவில் பேசவும் அலுவலகத்தில் வைத்திருக்கிறோமே ஒரு செயலி, அதன் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை நகர்த்தினால் போதும். கையிலிருக்கும் கோப்பி ஆறுவதற்குள் தொழிற்சாலை முழுவதும் வெளியுலகத்தோடு பேச்சை நிறுத்திவிடும். அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் நம் தொழில். அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. என்றாலும் ஒரே ஒரு கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். விமலாவை உள்ளே விட்ட கதை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பினாங்குத் தீவில், பாயான் பாருவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். முகத்துக்கு நேரே சரோ அக்கா. முதுகுக்குப் பின்னால் பூசாரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி. தலைமையகம் சரியென்று சொன்னதைக்கூட நான் இரண்டு கேள்வி கேட்காமல் திறந்துவிட்டதில்லை. அது ரத்தத்தில் வந்த குணம். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கிளார்க்காக இருந்தவர், அப்பாவும் கிளார்க்கு. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, வந்தவரிடம் 'அந்தப் பேப்பர் எங்கே' என்று கேட்டே வளர்ந்த குடும்பம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இல்லாத வாசலில் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள்.

நுழையத்தான் பார்த்தார்கள். ஒரு நாள் கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு நம் செயலியிலேயே ஓர் அழைப்பு வந்தது. பெயர் 'கணினி உதவி மையம்'. படமும் நம் சின்னம்தான். உங்கள் கணினியில் கிருமி வந்திருக்கிறது, கட்டுப்பாட்டை எனக்குக் கொடுங்கள், நான் சரிசெய்கிறேன் என்று ஓர் ஆண் குரல் தேனாகப் பேசியிருக்கிறது. அந்தப் பெண் கெட்டிக்காரி. "நம்ம உதவி மையத்துல யாரும் இவ்வளவு மரியாதையா பேச மாட்டாங்களே அக்கா, அதான் சந்தேகம் வந்துச்சு" என்று என்னிடம் ஓடி வந்தாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆள் சொந்தக் கணக்கிலிருந்து பேசியிருந்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு கணக்கைத் திறந்து, தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டு நம் ஆட்களைக் கூப்பிடலாம் என்கிற நிலையில் கதவு திறந்து கிடந்தது.

தலைமையகம் அலறியது. வெளித்தொடர்பு முழுவதையும் மூடு, தேவையான கம்பெனிகளுக்கு மட்டும் திற என்று உத்தரவு வந்தது. உத்தரவு சரிதான், இன்றைக்கும் சரியென்றே சொல்வேன். எந்தெந்தக் கம்பெனிகளோடு பேசுகிறீர்கள் என்று தலைமையகம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. அதை அப்படியே எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பினேன். பொருள் வாங்குபவர்கள், விற்பவர்கள், லாரிக்காரர்கள், வாடிக்கையாளர்கள் என்று பதில்கள் வந்தன. அத்தனை பேருக்கும் வாசலைத் திறந்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் மூடினேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்படி யாரும் முணுமுணுக்காத நாளில் எனக்குச் சந்தேகம் வரும், அன்றைக்கும் வந்தது. வேலை முடிந்ததே என்று விட்டுவிட்டேன்.

இப்போது தேவி. சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர். போர்டுகளைச் சோதிக்கும் லைனில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது. கூடப் பேசுபவர்களின் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொண்டு காலம் தள்ளிவந்தார். நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லாரும் முகமூடி போட்டார்கள், உதடு மறைந்துபோனது. நோய் போன பிறகும் அந்த லைனில் முகமூடி போகவில்லை, போர்டில் எச்சில் தெறிக்கக் கூடாதாம்.

அப்போது அந்த லைன் ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லைனில் கம்பெனி கொடுத்த ஒரு டேப்லெட் இருந்தது. தேவிக்கு யாராவது ஒன்றை விளக்க வேண்டுமென்றால் அதில் விமலாவைக் கூப்பிடுவார்கள். விமலா ஆயர் ஈத்தாமில் இருக்கிற பெண். அவருடைய அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் சைகைமொழிதான் விமலாவுக்குத் தாய்மொழி, தமிழ் அதற்குப் பிறகு வந்தது. பொறியாளர் பேசுவார், விமலா வீட்டுச் சமையலறையில் நின்றபடி திரையில் கையை ஆட்டி தேவிக்குச் சொல்வார், தேவி கேட்பதைத் திருப்பிச் சொல்வார். மனிதவளப் பிரிவுக்கே இது அரைகுறையாகத்தான் தெரியும். எனக்குச் சுத்தமாகத் தெரியாது. யாரும் ஒளிக்கவில்லை, கேட்டவர்தான் இல்லை. தலைமையகம் கேட்டது கம்பெனிகளின் பெயரை. விமலா கம்பெனி இல்லையே, இலவசக் கணக்கு வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பெண்.

நான் மூடிய மறுநாள் காலையில் டேப்லெட் விமலாவைக் கூப்பிட மறுத்தது. லைனிலிருந்து நம் பிரிவுக்குப் புகார் வந்தது, 'தெப்லட் ரோசாக்' என்று. பழுது என்றால் என்ன செய்வோம்? நம் பையன்கள் புது டேப்லெட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தீர்ந்தது என்று புகாரை மூடினார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் ரோசாக். திரும்பவும் புதுசு. பினாங்கிலேயே அதிகமாக டேப்லெட் மாற்றப்பட்ட லைன் அதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை அவர்கள் புகாரே கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டால் ஜனங்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தேவி பார்த்துக்கொண்ட வழி இதுதான். ஒரு வாடிக்கையாளரின் புது போர்டு வந்தது. சோதிக்கும் முறையும் புதுசு, உயர் அழுத்த மின்சாரம் பாய்ச்சிச் சோதிப்பது. வரிசை மாறினால் போர்டு கருகும், கை வைத்தவருக்கும் ஆபத்து. பொறியாளர் முகமூடிக்குள்ளிருந்து கடகடவென்று விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கட்டைவிரலைக் காட்டினார். தேவிக்குப் புரியவில்லை. கழிப்பறைக்குப் போவதுபோல் போய், லாக்கரிலிருந்து சொந்தக் கைப்பேசியை எடுத்து வந்து, லைனில் வைத்தே விமலாவை வீடியோவில் கூப்பிட்டார். பொறியாளரை இன்னொரு தடவை விளக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பொறியாளர் திகைத்து நின்றார். கேமரா புது போர்டைப் பார்த்தபடி இருந்தது.

சூப்பர்வைசர் சேகர் அதைப் பார்த்துவிட்டார். லைனுக்குள் கேமரா வைத்த கைப்பேசி வந்தால் அன்றே புகார், விசாரணை, வேலை போகும். உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். சேகர் புகார் எழுதினார். தேவியை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள்.

அப்போதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. விசாரணைக்குத் தலைமையகத்துப் பாதுகாப்பு அதிகாரி நம் செயலி வழியாக வருவார், மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வருவார், அவருடைய நிறுவனத்துக்கு வாசலைத் திறந்துவிடுங்கள் என்று மனிதவள மேலாளர் அம்மையார் புவான் சல்மா கேட்டார். அவர் சட்டப்படி, முறைப்படி நடப்பவர். கோலாலம்பூரிலிருந்து பதிவுபெற்ற சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். நான் திறந்துவிட்டேன். சரிபார்க்க முந்தின நாளே தேவியை வரவழைத்து ஓர் அழைப்பு போட்டோம்.

திரையில் வந்தவர் நல்ல இளைஞர். கையை அசைத்தார். தேவி பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், பதிலுக்குக் கையை அசைத்தார். இளைஞர் நெற்றியைச் சுருக்கினார். கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் அவர் எங்களிடம் பேசினார்.

"இவங்க பழைய பினாங்கு சைகை போடுறாங்க. அங்க பள்ளிக்கூட ஹாஸ்டல்ல பிள்ளைங்களே உருவாக்கிக்கிட்டது. எனக்குப் பாதிதான் புரியுது. வேலை போற விசாரணைய பாதி புரிஞ்சுகிட்டு செய்யக்கூடாது. என்னை மன்னிச்சிருங்க, நான் செய்ய மாட்டேன்."

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். வந்த வேலையை வேண்டாமென்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

எனக்கு அதுவரை சைகைமொழி என்றால் உலகம் முழுவதும் ஒன்றுதான் என்று நினைப்பு. நம் ஊர் லக்ஸாவின் ருசியும் மற்ற ஊர் லக்ஸாவின் ருசியும் ஒன்றில்லை என்று சண்டைக்குப் போகிறவள் நான். இதை மட்டும் யோசிக்கவில்லை. தேவி வயதுக்காரர்கள் இந்தத் தீவிலேயே பள்ளி விடுதியில், பெரியவர்கள் பார்க்காத நேரத்தில் தங்களுக்குள் பேசிப் பேசி வளர்த்த மொழி அது. அது தெரிந்து, நம் தொழிற்சாலை வேலையும் தெரிந்த ஆள் ஒருவர்தான். விமலா.

விமலாவை நேரில் வரச் சொல்லலாமே என்றார் புவான் சல்மா. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்த குரல் களைத்திருந்தது.

"அக்கா, எனக்குப் பிள்ளை பொறந்து இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கேன் லா. அம்மா ரூம் கதவத் தாண்ட விட மாட்டேங்கறாங்க. காத்து பட்டா ஆகாதாம். கெரெத்தா அனுப்பறேன்னு நீங்க சொன்னாலும் அம்மா டயர்ல காத்த எறக்கிருவாங்க."

"உங்க அம்மாகிட்ட நான் பேசறேன்."

"எப்படி அக்கா? அம்மாவுக்குத்தான் காது கேக்காதே." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தேவி அக்கா அன்னைக்கு போன் பண்ணப்போ நான் நிறைமாசம். நான் எடுக்காம இருந்திருந்தா அவங்க மாட்டிருக்க மாட்டாங்க. டேப்லெட்ல கூப்பிடுங்க, படுத்துகிட்டாவது பேசறேன்."

டேப்லெட்டில் கூப்பிட முடியாதபடி செய்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கியது. "அப்போ திறங்க லா அக்கா" என்றார், ஜன்னலைத் திறக்கச் சொல்வதுபோல.

தம்பி தங்கைகளே, இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருவதற்குள் விசாரணை முடிந்தாக வேண்டும் என்று தலைமையகம் நெருக்கியது. நாளை காலை விசாரணை. மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் தேவி ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம், அதைப் படித்துவிட்டு வேலையை விட்டு நீக்கலாம். சட்டப்படி அவருக்கு வாய்ப்புக் கொடுத்ததாகவும் ஆகிவிடும். தேவியோ முதலில் கற்றது சைகை. எழுத்தில் அவர் சொல்வதெல்லாம் தந்தி அடித்ததுபோல் இருக்கும். தன் பக்கத்தை அவரால் அதில் சொல்ல முடியாது.

ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், காரியம் முடிந்தால் சரி என்கிற ரகம். "சொந்தக் கணக்குகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் திறந்து விடுங்க. விசாரணை முடிஞ்சதும் மூடிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

மனம் எனக்கும் அங்கேதான் ஓடியது. ஆனால் அந்தப் பொத்தான் விமலாவுக்கு மட்டும் திறக்காது. சொந்தக் கணக்கு என்றால் உலகத்திலுள்ள அத்தனை சொந்தக் கணக்கும். தேன் குரல் ஆசாமி அந்த வாரம் முழுவதும் வேறு வேறு பெயரில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினது ஒரு தப்பு என்றால், பூனை உள்ளே வரட்டும் என்று வீட்டையே திறந்துபோட்டுத் தூங்குவதும் தப்புத்தான்.

"முடியாது போஸ்" என்றேன்.

"அப்ப அந்தம்மாவோட வேலை?"

"அதுவும் போகக்கூடாது."

"சரோ, ரெண்டுல ஒண்ண சொல்லுங்க."

கோபம் வந்தது. ஆத்திரத்தில் அவரிடமே ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து வெளியே வந்து, நடந்து, நுழைவாயில்வரைக்கும் போய்விட்டேன். அங்கே வாசல் காக்கும் நம் ஜாகா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரிக்குத் தடுப்புக் கம்பு ஏறியது. பின்னாலேயே நடந்து வந்த ஒருவரை நிறுத்தினார். அடையாள அட்டையை வாங்கினார், உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், உள்ளே கூப்பிட்டு 'உங்கள் ஆளா' என்று உறுதி செய்துகொண்டார், பாஸை மாட்டி அனுப்பினார். இந்தக் காட்சியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன்.

நம் செயலியிலும் அது உண்டு. வாசலைத் திறக்காமல், ஒரே ஓர் ஆளை விருந்தினராக நம் வீட்டுக்குள்ளேயே அழைத்துக்கொள்ளலாம். ஓர் அறைக்குள் மட்டும், ஒரு பாஸோடு. தலைமையகம் அதையும் பெரும்பாலும் முடக்கி வைத்திருந்தது. ஆனால் விதியில் ஒரு வாசல் இருந்தது. சூப்பர்வைசரோ அதற்கு மேலோ உள்ள ஒருவர், இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று தன் பெயரைப் போட வேண்டும். விருந்தினர் ஏதாவது தப்புச் செய்தால் அது பெயர் போட்டவரின் தப்பு.

யார் போடுவது? புவான் சல்மா விசாரிப்பவர், அவர் போடக் கூடாது. ஆலை மேலாளர், "என் பேரு வேணாமே, தணிக்கை நேரம்" என்று நழுவினார். மிச்சம் நான். போடலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். என் முதல் மேலதிகாரி ஒரு விதி வைத்திருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம், அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. 'கதவைத் திறக்கிறவனே வந்தவனுக்குச் சாட்சி சொல்லக் கூடாது' என்பார். இரண்டும் ஒரே ஆள் செய்கிற இடத்தில்தான் திருட்டு நடக்கும் என்பது அவர் அனுபவம். இன்று நல்ல காரியத்துக்காக நான் அதை மீறினால், நாளைக்கு என் இடத்தில் உட்காருபவர் எதற்காக மீறுவார் என்று எனக்குத் தெரியாது. பேனாவை மூடிவிட்டு கேண்டினுக்குப் போனேன்.

சேகர் தனியாக உட்கார்ந்து மீகோரெங்கைக் கிளறிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. லைனில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர்.

"உட்காருங்க அக்கா. நீங்களாவது உட்காருங்க."

உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கண்ணால பார்த்துட்டேன். பார்த்தத பார்க்கலன்னு எப்படி லா சொல்றது? நாளைக்கு வேற ஒருத்தன் போர்டு படத்த வெளிய விப்பான். அவனையும் பார்க்கலன்னு சொல்லணும்."

"நீங்க புகார் கொடுத்தது தப்புன்னு நான் சொல்லல தம்பி."

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. வீட்டுக்காரிகூட." முள்கரண்டியை வைத்தார். "பேரு போட்டா என்ன ஆகும்?"

"விமலா ஏதாவது ஏறுக்குமாறா செஞ்சா உங்க தலை உருளும்."

"விமலாவா? அந்தப் பொண்ணு வயித்த தள்ளிகிட்டு, அடுப்புல குழம்பு கொதிக்க, எங்க லைனுக்கு வேலை பார்த்த பொண்ணு." எழுந்துவிட்டார். "எங்க போடணும்? வாங்க. புகார் ரூலுக்காக கொடுத்தேன். இத தேவி அக்காவுக்காக போடறேன்."

புகார் கொடுத்தவரே பொறுப்பும் ஏற்றார். இதைப் பார்த்த புவான் சல்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார்.

மறுநாள் காலை விசாரணை அறையில் ஐந்து பேர். தேவி, புவான் சல்மா, சேகர், நான், பெரிய திரையில் தலைமையகத்து அதிகாரி. பக்கத்துக் கட்டத்தில் விமலா வந்தார். தலையைச் சுற்றித் துணி, காதில் பஞ்சு, தோளில் துண்டு. பின்னால் அவருடைய அம்மா பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைக் காவல் காப்பதுபோல் நின்றிருந்தார். திரையில் விமலாவின் முகத்தைக் கண்டதும் தேவியின் தோள் இரண்டும் இறங்கின.

லைனுக்குள் கைப்பேசி கூடாதென்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார் தேவி. பிறகு ஏன்?

தேவியின் கைகள் வேகமாக ஓடின. விமலா அதே வேகத்தில் குரல் கொடுத்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கு அது நினைவில் தமிழாகத்தான் நிற்கிறது.

"நீங்க எனக்கு ரெண்டு ரூல் சொல்லிக் கொடுத்தீங்க. லைனுக்குள்ள போன் கூடாது. புரியாம மெஷின்ல கை வைக்கக் கூடாது. அன்னைக்கு ரெண்டையும் காப்பாத்த முடியல. ஒண்ணத்தான் முடிஞ்சது. போன் ரூல மீறினா என் வேலை போகும். இன்னொண்ண மீறினா பக்கத்துல நிக்கிற பொண்ணோட கை போகும். எது சின்னதோ அத மீறினேன். தண்டனை கொடுங்க, வாங்கிக்கறேன்."

அதோடு தேவி முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு கேக்கணும். முதல் நாள் டேப்லெட்ல விமலா வரல. மாசமான பொண்ணு. அவளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். ஷிஃப்டு முடியற வரைக்கும் அழுதுகிட்டே வேலை செஞ்சேன், முகமூடி இருந்ததால யாருக்கும் தெரியல. மூடப் போறோம்னு ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல?"

விமலாவின் குரல் கடைசியில் உடைந்தது. அவருக்கும் அது புதுச் செய்தி. பின்னால் நின்ற அம்மா எல்லாவற்றையும் கையாலேயே பார்த்துவிட்டு, பிள்ளையோடு மகளின் தலையைத் தடவினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, நான் மறைக்கவில்லை. மூடும் அறிவிப்பு எங்கே போனது என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். மின்னஞ்சலில் மேலாளர்களுக்குப் போனது. லைனில் அதைக் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் வாசித்திருக்கிறார்கள்.

மூடியது யார் என்று அதிகாரி கேட்டார், ஏதோ எழுதிக்கொள்வதற்காக. நான் வாய் திறப்பதற்குள் தேவி பதில் சொல்லிவிட்டார். வலது முழங்கையை மடக்கி நிமிர்த்திய கையை, தடுப்புக் கம்பு விழுவதுபோல் டக்கென்று கீழே இறக்கினார். விமலா திருதிருவென்று விழித்தார்.

"அது... அது சரோ அக்காவோட பேரு" என்றார்.

தொழிற்சாலையில் காது கேளாதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். தங்களுக்குள் எல்லாருக்கும் சைகையில் பெயர் வைத்திருந்தார்களாம். சேகருக்கு மீசையைத் தடவுவது. புவான் சல்மாவுக்கு முக்காட்டு ஊசியைச் சரிசெய்வது. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் தடை போடுகிறவளுக்கு, விழுகிற கம்பு. பல வருஷமாக எனக்கு இப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது, பூசாரியைவிடப் பொருத்தமாக. முதலில் புவான் சல்மா சிரித்தார், பிறகு சேகர், பிறகு தலைமையகத்து அதிகாரியே சிரித்துவிட்டார். தேவி பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் என் கையை மடக்கி அதேபோல் இறக்கிக் காட்டினேன். ஆமாம், நான்தான்.

தேவிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. கடிதமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை, தேவியும் கேட்கவில்லை. விதியை மீறியது உண்மை, மீறியதற்குக் காரணம் இருந்ததும் உண்மை, இரண்டையும் அந்தக் கடிதத்தில் எழுதினார்கள். விமலாவுக்கு முறையான ஒப்பந்தமும் நிரந்தர விருந்தினர் பாஸும் கிடைத்தன. அந்தப் பாஸில் பொறுப்பாளர் என்று சேகரின் பெயர்தான் இருந்தது. மறுவாரம் தேவி தன் சாப்பாட்டுத் தட்டோடு போய் சேகருக்கு எதிரில் உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன். தேவியே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள், அவர்களும் போய் உட்கார்ந்தார்கள்.

நான் என் பங்குக்குத் தலைமையகத்தின் கேள்வியை மாற்றி எல்லாப் பிரிவுகளுக்கும் திரும்ப அனுப்பினேன். 'எந்தக் கம்பெனியோடு பேசுகிறீர்கள்' என்று கேட்கவில்லை. 'நாளைக்கு யாரோடு பேச முடியாவிட்டால் உங்கள் வேலை நிற்கும்' என்று கேட்டேன். மருந்தகத்துக்குப் போன் செய்யும் தாதியிலிருந்து, தமிழ் மட்டுமே தெரிந்த துப்புரவுக்காரருக்காகப் பேசித்தரும் அவர் மகள்வரை ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் திறக்கவில்லை. சிலருக்குப் பாஸ், சிலருக்கு வேறு வழி, சிலருக்கு முடியாது என்ற பதில். முடியாது என்பதை நானே நேரில் போய்ச் சொன்னேன். பூசாரி கர்ப்பகிருகத்தை விட்டு வெளியே நடந்து வருவதைப் பார்த்து லைனில் அதிசயப்பட்டார்கள்.

எனவே, பொத்தானை நகர்த்துங்கள், பயப்படாதீர்கள். நகர்த்துவதற்கு முன்னால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். ஒரே புகார் இரண்டாவது தடவை வந்தால் டேப்லெட்டை மாற்றாதீர்கள், ஆளைப் போய்ப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேண்டினில் கேக் வெட்டினார்கள். பேசச் சொன்னார்கள், பேசினேன், யாரும் கேட்கவில்லை, கேக் நன்றாக இருந்தது. தேவி டேப்லெட்டோடு வந்தார். அதில் விமலா, மடியில் இப்போது தவழத் துடிக்கிற பிள்ளை. தேவி எனக்கு முன்னால் நின்று கையை மடக்கிக் கம்பை இறக்கினார். சரி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கை அங்கேயே நிற்கவில்லை. மெதுவாகத் திரும்ப மேலே ஏறியது.

"என்ன விமலா, என் பேரை மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

விமலா கேட்டுச் சொன்னார். தேவி தலையை ஆட்டி மறுத்து, பதில் சொன்னார்.

"மாத்தலியாம் அக்கா. உங்க பேரு முதல்லேந்தே இதுதானாம். அவங்க பாதிதான் பார்த்திருந்தாங்களாம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் வாங்கின பாராட்டுச் சான்றிதழ்களெல்லாம் அலமாரியில் எங்கேயோ கிடக்கின்றன, தேடவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போகிறேன். விமலா வீட்டுக்கு வருகிற தேவி சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துவிடுவார். அவ்வளவு இரைச்சலில் வேறு யாராவது கூப்பிட்டால் எனக்குக் காதில் விழாது. தேவி கூப்பிட்டால் தெரியும். கை இறங்கும், ஏறும். நானும் கீரைப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பதிலுக்கு இறக்கி ஏற்றுவேன். போன வாரம் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் என் கை இறங்கியதைப் பார்த்து சடக்கென்று பிரேக் போட்டுவிட்டார். கை ஏறியதும், "தெரிமா காசே, அக்கா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.